புகை விட்டது ஒருத்தன், ரசீது எங்கள் பேரில்

கடல் அமிலமாகிறது என்று கடற்பாசி எடுக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்களே, அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். வெட்டிப் போட்ட துண்டை மட்டுமில்லை, முழுக் கூட்டத்தையும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எழுந்து நின்று கேள்வி கேட்டவர் என் சித்தி. அது தெரிந்திருந்தால் கீழே போய் சிரிப்பு ஸ்மைலி போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சிலர் தெரிந்தும் போட்டிருக்கிறீர்கள், அதையும் பார்த்தேன்.

வெட்டியதில் வராதது இதுதான். மேடையில் இருந்தவர் ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகரை ஊற்றி, அதில் சிப்பி ஓட்டைப் போட்டார். நுரை வந்தது. "பாருங்கம்மா, உங்க கடல் இப்படித்தான் ஆகப்போகுது" என்றார். அந்த நுரை அடங்குவதற்குள் அறிவுரை ஆரம்பித்துவிட்டது. பாசி எடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், தீவுப் பக்கம் போகாதீர்கள், கடலைக் காப்பது உங்கள் பொறுப்பு. அப்போதுதான் சித்தி எழுந்தார். "ஐயா, புகையில இருந்து வர்ற வாயுதான் கடலைக் கெடுக்குதுன்னு சொன்னீங்க. நாங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்குறவங்க. நாங்க என்ன புகை விட்டோம்?" மேடையில் சிரித்தார்கள். "அதெல்லாம் பெரிய சயின்ஸ்மா, உட்காரு."

பெரிய சயின்ஸ் ஒன்றும் இல்லை. கோலி சோடா குடித்தவனுக்குத் தெரியும், தண்ணீரில் கேஸ் ஏறினால் நாக்கில் சுருக்கென்று ஒரு புளிப்பு வரும். மனிதர்கள் வெளியே விடும் கரியமில வாயுவில் கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. பவளமும் சங்கும் சிப்பியும் ஓடு கட்ட எடுக்கும் கார்பனேட் அதனால் குறைகிறது. தண்ணீர் அமிலமா காரமா என்று அளக்கும் எண் பி.எச்.; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம், எண் இறங்க இறங்க அமிலம் கூடும். தொழிற்புரட்சிக்கு முன்னால் கடல் மேற்பரப்பின் பி.எச். 8.2 வாக்கில் இருந்தது, இப்போது 8.1 வாக்கில்.

உடனே ஒரு அறிவாளி வருவார், "8.1 என்றால் காரம்தானே, அமிலம் எங்கே?" என்று. ஐயா, ஏணியில் கீழே இறங்குகிறவன் இன்னும் தரையைத் தொடவில்லை என்பதற்காக அவன் இறங்கவே இல்லை என்பீர்களா? அந்த 0.1 சின்ன எண்ணாகத் தெரிவதும் அந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு என்று கணக்கு இருப்பதால்தான். அமிலத்தன்மை கூடியிருப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம்.

ஆனால் வினிகர் வித்தை பொய்ப் பயம். வினிகரின் பி.எச். 2.5 பக்கம். மன்னார் வளைகுடா அப்படி நுரைக்கப்போவதில்லை. நடப்பது இதைவிட மெதுவானது. ஓடு கட்ட உயிர் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கும். அந்தப் பாடு வளர்ச்சியிலும் குஞ்சுகளிலும் போய்க் கழியும்.

என் அப்பா சங்கு குளித்தவர். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சங்குப்பூ தெரிந்திருக்கும். தாய்ச்சங்கு மணலில் ஊன்றி வைக்கும் முட்டைக்கூடு அது. அடுக்கடுக்காக, முறுக்கிய கொம்பு மாதிரி, கையில் எடுத்தால் காய்ந்த தோல் போல இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் குட்டிச் சங்குகள், வெளியே வரும்போதே ஓட்டோடு வரும். அப்பா அதைப் பிடுங்க விடமாட்டார். கைபட்டால் அந்த இடத்திலேயே திட்டு விழும். அவருக்கு யாரும் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கவில்லை. இப்போது அந்தக் குட்டிகளின் ஓட்டுக்கு ஆபத்து என்றால் அது வருவது எங்கேயோ எரியும் நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும். வள்ளத்தில் போகிறவளிடமிருந்து அல்ல.

கணக்கைப் பார்ப்போமா? இதுவரை உலகம் எரித்துவிட்ட புகையில் அமெரிக்காவின் பங்கு மட்டும் கால்வாசி. இந்தியா முழுதும் சேர்ந்து நாலு சதவீதம்கூட இல்லை. அந்த நாலுக்குள்ளும் அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை, ஏசி போட்ட கூட்ட அரங்கம் எல்லாம் போக, என் சித்தியின் பங்கைக் கண்டுபிடிக்க எந்தக் கருவி வேண்டும் என்று மேடைக்காரர் சொல்லட்டும். "வள்ளத்துக்கும் டீசல்தானே ஊத்துறீங்க?" ஆமாம், ஊற்றுகிறோம். அவர் வந்து இறங்கிய காரை நானும் பார்த்தேன்.

"அந்தக் காலத்தில் பவளத்தை உடைத்து விற்றது நீங்கள்தானே?" இதையும் கேட்பார்கள். உடைத்தார்கள், மறுக்கவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் போனது. எங்கள் வளைகுடாவில் இருந்த பூவரசன்பட்டித் தீவு தண்ணீருக்குள் போனதற்கு அதுவும் காரணம். ஆனால் தலைச்சுமைக்காரனுக்குக் கூலிதான் மிஞ்சியது, சுண்ணாம்பு யார் வீட்டுச் சுவரில் ஏறியது? 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்த பிறகு ஜெயிலுக்குப் போனவன் யார்? விசைப்படகு இழுவை வலை பற்றிக் கேட்டால் எனக்கு உங்களைவிடக் கோபம் வரும், அது தனிப் பதிவு.

பாசி எடுப்பதற்கு வருவோம். கடல் தாவரம் தண்ணீரில் இருக்கும் கரியமில வாயுவை எடுத்துத்தான் வளர்கிறது. அதனால்தான் பாசியை எடுக்காதே என்கிறோம் என்பார்கள். சரி. ஆனால் மரிக்கொழுந்துப் பாசியை வேரோடு பிடுங்கினால் அடுத்த முறை தனக்கே இல்லை என்று சித்திக்குத் தெரியும். மாசத்தில் 12 நாள்தான் போவது என்று இந்தக் கரைப் பெண்களே பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாசத்தில் 12 நாள் மட்டும் ஓடும் அனல்மின் நிலையம் ஒன்றைக் காட்டுங்கள், நான் இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்.

அப்புறம், "அறிவியலுக்கு எதிரானவன்" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். தம்பி, நான் அறிவியலைத்தான் கேட்கிறேன். அமெரிக்க மேற்குக் கடற்கரையில் 2007 வாக்கில் சிப்பிக் குஞ்சுப் பண்ணைகளில் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கடல்நீரின் அமிலத்தன்மைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். யாரும் பண்ணைக்காரனைக் கூப்பிட்டு டம்ளரில் வித்தை காட்டவில்லை. அளக்கும் கருவி வைத்தார்கள், தண்ணீரில் சலவைச் சோடா சேர்த்துச் சரிக்கட்டினார்கள். இங்கே எங்கள் வள்ளத்தில் ஏறி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனவர்கள் உண்டு. என்ன அளந்தார்கள், எவ்வளவு வந்தது, ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை. மீன் இறங்கும் இடத்தில் ஒரு கரும்பலகை வைத்து இந்த மாசம் பி.எச். இவ்வளவு, கடல் சூடு இவ்வளவு என்று தமிழில் எழுதிப் போட எவ்வளவு செலவாகிவிடும்? 2010-லும் 2016-லும் சூட்டில் பவளம் வெளுத்தபோதும் எங்களுக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. முங்கினவர்கள்தான் பார்த்துவந்து சொன்னார்கள்.

சித்தியின் விரல்களை யாராவது பார்த்தீர்களா? துணியைச் சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைப்பார், அப்படியும் நகக்கண்ணில் கிழிசல் ஆறுவதே இல்லை. அந்தக் கையை மேலே தூக்கித்தான் அன்றைக்குப் பேச அனுமதி கேட்டார். "உட்காரு." என்னைவிட வயதில் சின்னவர் அதைச் சொன்னவர். வீட்டுக்கு வந்து சித்தி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வீடியோ பேத்தி போனில் வந்த பிறகுதான், "நான் தப்பாக் கேட்டுட்டேனாடா?" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, கோபத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாசமும் கூட்டமாம். ஊர்ப் பெண்கள் ஐம்பது பேராவது வரணுமாம், மதியச் சாப்பாடு உண்டாம், போட்டோ எடுப்பார்களாம், ஆள் சேர்த்துத் தரச் சொல்லி எனக்கே போன் வந்தது. பாசிக்குப் போகும் நாளில்தான் தேதி வைத்திருக்கிறார்கள். சித்தியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் கேட்கவில்லை.