காபி சாப்பாடா?

அம்மாவுக்குத் தைராய்டு. தினம் காலையில் ஒரு மாத்திரை, 50 மைக்ரோகிராம். "வெறும் வயித்துல போடுங்கம்மா" என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்றார் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த நானும் தலையாட்டி வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டிஎஸ்ஹெச் அளவு இறங்கவே இல்லை. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" "ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர்." பொய்யில்லை. 50 என்பது 75 ஆனது.

புதுச் சீட்டோடு தெருமுனை மெடிக்கலுக்குப் போனோம். அங்கிருந்த பையன் டப்பாவை எடுத்துக்கொண்டே, "இதை எப்படிப் போட்டுக்கறீங்கம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

"எழுந்து பல் தேய்ச்சதும், காபியோட."

"காபியோடயா?"

"டிபனுக்கு முன்னாடி, வெறும் வயித்துலதானே போடுறேன். காபி எப்படிப்பா சாப்பாடாகும்?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தால், அம்மா பேசும் தமிழில் இது தப்பே இல்லை. இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவளைப் பார்த்தும் "வெறும் வயித்தோட போறியே" என்று புலம்புகிற வீடு எங்களுடையது. டாக்டரின் வெறும் வயிறு வேறு. அதில் தண்ணீரைத் தவிர எதற்கும் இடமில்லை. காபியோடு போட்டால் அந்த மாத்திரையை உடம்பு சரியாக உறிஞ்சாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள், வெவ்வேறு வயிறுகளை நினைத்துக்கொண்டு.

ஆபீஸ் பயிற்சி வகுப்பு ஒன்றில், பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 குரலும் உடல்மொழியும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு தேடிப் பார்த்தால், அது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது, பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. உணர்ச்சியைப் பற்றிய பேச்சைத் தாண்டி இது செல்லாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அம்மாவின் டாக்டருக்கு உடல்மொழியில் நூற்றுக்கு நூறு போடலாம். முகத்தைப் பார்த்துப் பேசினார், சிரித்தார், அவசரப்படுத்தவில்லை. கவிழ்த்தது அந்த 7 சதவீதம்தான்.

அதிலும் எனக்கு அந்த "சரி" மேல்தான் கோபம். நம்மிடம் எத்தனை சரி இருக்கிறது, பாருங்கள். "சரிங்க" என்றால் மரியாதை. "சரி சரி" என்றால் போதும், நிறுத்து. "சரி, பார்க்கலாம்" என்றால் நடக்காது. "சரி, உன் இஷ்டம்" என்று அம்மா சொன்னால் அடுத்த இரண்டு நாள் வீட்டில் ஜாக்கிரதையாக நடமாட வேண்டும். "நீங்கள் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது" என்ற பொருளில் வரும் சரி இந்தக் கூட்டத்தில் மிகவும் அபூர்வம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையம். மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் நெதர்லாந்தின் கேஎல்எம் விமானம், அதே பாதையில் அமெரிக்காவின் பான் ஆம் விமானம். இரண்டும் போயிங் 747. கிளம்பிய பின் எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கு மட்டும்தான் கேஎல்எம்முக்கு அனுமதி வந்திருந்தது, புறப்படுவதற்கு இல்லை. கேஎல்எம்மின் துணை விமானி பதில் சொல்லும்போது, புறப்படத் தயாராக நிற்கிறோம் என்றும் புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் இரண்டு விதமாகக் கேட்கக்கூடிய ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து "ஓகே" என்று பதில் வந்தது. அடுத்து "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்று சொன்னபோது, "நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம்" என்று பான் ஆமும் அதே அலைவரிசையில் பேசியது. இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதி, கேஎல்எம் விமானிகளின் காதில் கிரீச்சென்ற சத்தம்தான் விழுந்தது. தெளிவாகக் கேட்டது அந்த ஓகே மட்டும். "அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ?" என்று விமானி அறையில் இருந்த பொறியாளர் கேட்டார். கேப்டன் அவர்களுடைய நிறுவனத்தின் மூத்த விமானிகளில் ஒருவர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு வானொலிப் பேச்சின் விதிகளை இறுக்கினார்கள். வெறும் ஓகே செல்லாது. வந்த உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் தயங்காமல் கேட்கவும் தனியாகப் பயிற்சி வந்தது.

அந்தப் பொறியாளரின் இடத்தில் அம்மாவை வைத்துப் பார்க்கிறேன். "காபி குடிக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன். "வெளியில அவ்வளவு பேர் டோக்கனோட உட்கார்ந்திருக்காங்க. ஒரு காபிக்காக அவர்கிட்ட நின்னு பேசிக்கிட்டிருக்க முடியுமாடி?" என்றார். தமிழில் காதால் வாங்குவதற்கும் வாய்விட்டு வினவுவதற்கும் "கேள்" என்று ஒரே சொல்தான். பெரியவர்கள் முன்னால் நாம் அதில் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதை மரியாதை என்கிறோம்.

மெடிக்கல் பையன் செய்தது இவ்வளவுதான்: "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை, "எப்படி?" என்று கேட்டான். முன்னதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. நான் இதை வீட்டில் செய்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேங்க் விஷயம் ஒன்றை விளக்கிவிட்டு "எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்மா" என்றேன். "எனக்கே பரீட்சை வைக்கிறியா?" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் "நான் நேத்து குழப்பிட்டேனோன்னு தோணுது, உனக்கு எப்படி விளங்குச்சு?" என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் பேசினோம். நான் நிஜமாகவே ஓர் இடத்தில் குழப்பியிருந்தேன்.

காபியைத் தள்ளி வைத்ததில் அடுத்த பரிசோதனையில் எண்கள் இறங்கிவிட்டன. டோஸ் பழையபடி 50. டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், அந்த ஒரு மணி நேரத்துல வெந்நீர் குடிக்கலாமா?"

"தாராளமா குடிங்கம்மா, வெந்நீர்தானே."

"சுக்கு தட்டிப் போட்டது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.