உப்புப் போட்ட பியருக்கு எத்தனை மார்க்?

ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போனபோது கோஸே என்ற உள்ளூர் பியர் குடித்தேன். கூட வந்த நண்பர் பியர் விஷயத்தில் கறாரானவர். ஒரு மடக்கு உள்ளே போனதும் மொபைலை எடுத்து, பியருக்கு மார்க் போடும் ஆப்பில் ஐந்துக்கு இரண்டு போட்டுவிட்டார். புளிப்பும் உப்பும் பியருக்குக் குறையாம்.

கோதுமை மால்ட் (முளைகட்டிக் காயவைத்த கோதுமை), கொத்தமல்லி விதை, உப்பு, லாக்டிக் அமிலப் புளிப்பு. இதுதான் கோஸே. ஜெர்மனியின் பியர் தூய்மை விதிக்கு உப்பும் மல்லியும் ஆகாது. வட்டாரப் பியர் என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கோ முதல் மடக்கிலேயே நீர்மோர் ஞாபகம். மோரைப் புளிக்கவைப்பதும் அதே இனத்து பாக்டீரியாதான். உப்பில்லாத மோரை வாயில் வைக்காத நாக்குக்கு இதில் என்ன குறை தெரியும்? சரி, நானும் நடுநிலை இல்லை.

நண்பரிடம் நான் கேட்டது வேறு. எதோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறாய்? கோஸ்லார் என்ற இன்னொரு ஜெர்மன் ஊரில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் லைப்சிக்காரர்களின் செல்லமான பியர் இது. 1945இல் நின்று, 1949இல் ஒரு சின்ன ஆலையில் உயிர்பெற்று, 1966இல் அதுவும் போயிற்று. 1980களில் லோதார் கோல்ட்ஹான் என்பவர் 'ஓனே பெடெங்கென்' என்ற பழைய கோஸே கடையைப் புதுப்பித்தார். 'தயக்கமின்றி' என்று அர்த்தம். கடை தயார், ஊற்றத்தான் சரக்கு இல்லை. அந்தக் காலத்தில் குடித்தவர்களைத் தேடிப்பிடித்து, ருசி எப்படி இருந்தது என்று விசாரித்திருக்கிறார். உள்ளூர் ஆலைகள் கைவிரித்துவிட்டன. கிழக்கு பெர்லினில், இன்னொரு புளிப்பு பியரான பெர்லினர் வைஸே காய்ச்சிய ஆலை ஒப்புக்கொண்டது. 1986இல் கோஸே திரும்பி வந்தது.

ஆக, இருபது வருடப் பழைய நாக்கு ஞாபகம்தான் அளவுகோல். என் தாத்தா வீட்டுக் குழம்பின் ருசியை என்னிடம் கேட்டால் நான் சொல்வது பாதி குழம்பு, பாதி தாத்தா. அதனால் 'அசல் பழைய சுவை' என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. பழசு என்பதற்காக ஒரு மார்க்கும் கூட்ட மாட்டேன்.

என் புகார் நண்பருடையதற்கு நேர் எதிர். அந்தக் காலத்துக் கோஸே நீளக் கழுத்துப் பாட்டிலில் நுரைத்து மேலேறி, ஈஸ்டே கழுத்தை அடைத்து மூடியாகிவிடுமாம். பாட்டிலுக்குப் பாட்டில் ருசி மாறியிருக்கும். நான் குடித்தது ரொம்பச் சமர்த்து. இரண்டாவது கிளாஸும் முதல் கிளாஸ் மாதிரியேதான் இருந்தது.

அப்புறம், உள்ளூர்க்காரர்களே இதை எப்போதும் வெறுமனே குடிப்பதில்லை. பழ சிரப் விடுவார்கள், கேரவே (சீரகம் மாதிரி ஒரு விதை) மணக்கும் மது கலப்பார்கள். கேரவே கலந்ததற்குப் பெயர் 'குடை'. அதையும் ஒன்று வாங்கினோம். நண்பர் மார்க்கை மூன்றாக்கினார். பியருக்கா, கேரவேக்கா என்று கேட்டேன். இன்னொரு குடை சொல்லிவிட்டு வந்தார்.