70 என்றால் 30 பேர் குறை சொன்னார்கள் என்று பொருளல்ல
'அறுவைச் சிகிச்சைக்கு முன் விளக்கிப் பேசுவதில் அந்த மருத்துவருக்கு 70 சதவீதம்தான்; ஆக, 30 சதவீத நோயாளிகளுக்கு அதிருப்தி' என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறான கணக்கு.

நீங்கள் குறிப்பிடும் 'கேட்' (CAT) வினாத்தாள், மருத்துவர் எப்படிப் பேசினார் என்று நோயாளிகளே மதிப்பிடுவது. அதை 2007இல் கிரிகரி மகூல் குழுவினர் வெளியிட்டார்கள். 15 கேள்விகள், 14 மருத்துவரைப் பற்றியவை, ஒன்று ஊழியர்களைப் பற்றியது. 'மோசம்' தொடங்கி 'மிகச் சிறப்பு' வரை ஐந்து படிகள். மொத்த விடைகளில் 'மிகச் சிறப்பு' என்று வந்தவை எத்தனை சதவீதம் என்பதே மதிப்பெண். மனநிறைவோடு 'மிக நன்று' என்று குறித்தவரின் விடையும் அந்த 30க்குள் போய்விடுகிறது! இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு: நோயாளிகள் பெரும்பாலும் தாராளமாகவே மதிப்பிடுகிறார்கள், சராசரி எடுத்தால் மருத்துவர்களுக்குள் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது.

'மதிப்பெண் உயர்ந்தால் நோயாளிக்கு எல்லாம் புரிந்துவிட்டது' என்பதையும் ஏற்க முடியவில்லை. அறுவைக்கு முந்தைய நாள் என் அம்மா, "டாக்டர் எவ்வளவு பொறுமையாகப் பேசினார்" என்று நெகிழ்ந்தார். எதை எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பெயர் சொல்லத் தெரியவில்லை. வினாத்தாள் பதிவுசெய்வது அந்த நெகிழ்ச்சியைத்தான். புரிந்ததா என்று அறிய, மருத்துவர் சொன்னதை நோயாளியே தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த 30 சதவீத வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.