அட்டோமியத்துக்கு இருபது நிமிஷம், சாக்லேட் கடைக்கு ஒன்றரை மணி நேரம்!

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எங்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போன டூர் கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருக்கிறார்கள். "உங்கள் கனவுப் பயணம் எப்படி இருந்தது? ஐந்து ஸ்டார் கொடுத்து மகிழுங்கள்." கூடவே ஒரு குரூப் போட்டோ. பின்னால் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் நிற்கும் பிரம்மாண்டக் கோளக் கட்டடமான அட்டோமியம், முன்னால் கம்பெனி பேனரைப் பிடித்தபடி நாங்கள் எல்லாரும். போட்டோவுக்குக் கீழே "அட்டோமியம் பார்த்தாச்சு" என்று எழுதி, ஒரு பச்சை டிக் வேறு.

எங்கே பார்த்தோம்? யார் பார்த்தது? அதன் காலடியில் நிற்க வைத்துப் படம் எடுத்து, ஆடுகளை ஓட்டுவது மாதிரி திரும்ப பஸ்ஸில் ஏற்றினீர்களே, அதற்குப் பெயர் பார்த்ததா?

குரூப் டூரில் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரு இருபது நிமிஷக் கதை இருக்கும். சிலருக்கு ஈஃபில் கோபுரம், சிலருக்கு பைசா கோபுரம். எனக்கு அட்டோமியம்.

நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறவள். திடநிலைமைப் பாடம் வந்தால் போர்டில் ஒரு கனசதுரம் போடுவேன். அதுதான் அலகுக்கூடு, படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம். எட்டு மூலையிலும் ஒவ்வொரு அணு, நடுவில் ஒன்று. பொருள்மைய கனச்சதுரம். மூலையில் இருக்கும் ஒவ்வொரு அணுவும் எட்டு அலகுக்கூடுகளுக்குப் பொது, அதனால் எட்டில் ஒரு பங்குதான் நம் கணக்கில் வரும், நடுவில் இருப்பது முழுசாக நமக்கே, ஆக மொத்தம் இரண்டு அணு. தமிழ்நாட்டில் அறிவியல் படித்த எந்தப் பிள்ளையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அட்டோமியம் என்பது அதுதான். இரும்பின் அலகுக்கூட்டை 16,500 கோடி மடங்கு பெரிதாக்கி, ஒரு மூலையைக் கீழே வைத்து, 102 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்பது கோளங்கள், ஒவ்வொன்றும் 18 மீட்டர் விட்டம். அவற்றை இணைக்கும் குழாய்களுக்குள் எஸ்கலேட்டர் ஓடுகிறது. ஒரு அணுவுக்குள்ளிருந்து இன்னொரு அணுவுக்கு, வேதிப்பிணைப்பு வழியாக நடந்து போகலாம்! உலகத்தில் வேறு எங்கே ஒரு வேதியியல் ஆசிரியைக்கு அது கிடைக்கும்? இந்தப் பயணத்துக்கு நான் பணம் கட்டியதே அதற்காகத்தான். பாரிஸ் கூட எனக்கு இரண்டாம் பட்சம்.

சரி, நடந்தது என்ன?

பஸ் ஹெய்சல் பகுதிக்குள் நுழையும்போதே டூர் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "இதோ தெரியுது பாருங்க, இதுதான் அட்டோமியம். அணுவோட மாடல். இருபது நிமிஷம் டைம். பாத்ரூம் போறவங்க போயிட்டு வந்துடுங்க, அப்புறம் குரூப் போட்டோ." இவ்வளவுதான் விளக்கம். பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "தம்பி, இது அணு உலைங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்கிறார். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமாங்க ஐயா, அந்த மாதிரிதான்."

அந்த மாதிரிதானா! அணு உலையாம்! பஸ் நிறைய ஆட்கள் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். இந்நேரம் ஊருக்கு வந்து எத்தனை பேரிடம் "பெல்ஜியத்தில் ஒரு அணு உலையைப் பார்த்தோம்" என்று சொல்லியிருப்பார்களோ. நான் எழுந்து, "ஐயா, அது இரும்போட படிகம், உலை இல்லீங்க" என்று சொன்னேன். அதற்குள் பஸ் நின்றுவிட்டது, எல்லாரும் இறங்குவதற்கு முண்டியடித்தார்கள்.

இருபது நிமிஷத்தில் பாதி அந்தப் பேனரிலேயே போய்விட்டது. முதலில் பேனரைக் காணோம். டிரைவர் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது என்றார்கள், இல்லை. லக்கேஜ் வைக்கும் அடித்தட்டில் இருக்கிறது என்றார்கள், அங்கேதான் இருந்தது, எல்லார் பெட்டிக்கும் அடியில். பெட்டிகளை இறக்கி, பேனரை எடுத்து, பெட்டிகளைத் திரும்ப ஏற்றினார்கள். அப்புறம் உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால். அப்புறம் பாத்ரூம் போன நால்வர் வரவில்லை என்று காத்திருப்பு. அவர்கள் வந்ததும் பேனர் தலைகீழாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். திருப்பினார்கள். கம்பெனியின் போன் நம்பர் தெரியவில்லை, இன்னும் தூக்கிப் பிடியுங்கள் என்றார்கள். தூக்கினால் முன்வரிசையின் முகம் மறைகிறது. அட்டோமியத்தின் உச்சிக் கோளம் படத்தில் வெட்டுப்படுகிறது என்று நான் சொன்னேன். "பரவாயில்ல மேடம், நம்பர் தெரியுது" என்று பதில் வந்தது. இத்தனைக்கும் இந்த அட்டோமியத்தின் படத்தை யார் எங்கே வெளியிடலாம் என்பதற்கே பல ஆண்டுகள் காப்புரிமைக் கெடுபிடி இருந்தது. 2016-ல் பெல்ஜியம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அது தளர்ந்தது. தளர்ந்தது இந்தப் பேனருக்காகவா?

போட்டோ முடிந்ததும் நேராக டிக்கெட் கவுன்டர் பக்கம் நடந்தேன். மேனேஜர் ஓடி வந்தார்.

"மேடம், எங்க போறீங்க?"

"மேல போயிட்டு வரேன் தம்பி. டிக்கெட் காசு நானே கட்டிக்கறேன்."

"மேடம், ஒருத்தர் போனா எல்லாரும் கேப்பாங்க மேடம்."

"கேட்டா நல்லதுதானே? எல்லாரும் போகட்டும்."

"டைம் இல்ல மேடம். டிரைவரோட டைம் முடிஞ்சிடும். ஐரோப்பாவுல ரூல்ஸ் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

அந்த ரூல்ஸைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். நல்ல சட்டம், நம் ஊருக்கும் வேண்டிய சட்டம். அந்த 45 நிமிஷத்தை அட்டோமியம் வாசலில் எடுத்தால் என்ன? டிரைவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், நாங்கள் மேலே போய் வந்துவிடுவோம். அதைத்தான் கேட்டேன். "இல்ல மேடம், பிரேக் சாக்லேட் கடையில பிளான் பண்ணியிருக்கு" என்றார்.

சாக்லேட் கடையில் பிளான் பண்ணியிருக்கிறது!

என் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, "சரி, நீங்க எல்லாரும் போங்க. நான் மட்டும் பார்த்துட்டு மெட்ரோவுல வந்து சேர்ந்துக்கறேன். ஹெய்சல் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு, ஆறாம் நம்பர் லைன்" என்றேன். "நீங்க தொலைஞ்சு போனா நான்தானே மேடம் பதில் சொல்லணும்" என்றார். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பக் கூட்டி வருகிறவளிடம் இதைச் சொல்கிறார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு ஃபார்ம் இல்லையாம். பின்னாலிருந்து ஒரு அம்மா, "மேல போய் என்னங்க பார்க்கப் போறீங்க, அதான் வெளியிலேருந்தே முழுசா தெரியுதே" என்றார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "விடும்மா, எல்லாரும் பார்க்கறாங்க" என்றார். எல்லாரும் பார்த்தது என்னை. அட்டோமியத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்து சாக்லேட் கடை. ஒன்றரை மணி நேரம். வாசலில் மேனேஜரைக் கண்டதும் கடைக்காரர் சிரித்த சிரிப்பிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. தட்டில் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். "அவசரமில்ல, நிதானமா வாங்குங்க" என்று மேனேஜர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். நிதானமாம்! சென்னையில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிற பொருளுக்கு நிதானம், உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற கட்டடத்துக்கு அவசரம். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் பஸ் பக்கத்திலேயே நின்றேன், ஒரு துண்டு கூட வாயில் போடவில்லை.

அட்டோமியம் மட்டும் என்றால் கூடப் போகட்டும் என்று விடலாம். எங்களை இறக்கிவிட்ட அந்த இடம் மொத்தமும் 1958 உலகக் கண்காட்சி நடந்த மைதானம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த முதல் பெரிய உலகக் கண்காட்சி. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நாலு கோடிக்கும் அதிகமானோர் வந்தார்கள். ஹிரோஷிமா முடிந்து பதின்மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அணு என்றாலே நடுங்கிய உலகத்துக்கு, அணு நல்லதும் செய்யும் என்று சொல்ல நினைத்தார்கள். ஆண்ட்ரே வாட்டர்கெய்ன் என்ற பொறியாளர் இந்த வடிவத்தை யோசித்தார். ஆறு மாதம் நின்றால் போதும், அப்புறம் பிரித்துவிடலாம் என்றுதான் கட்டினார்கள். மக்கள் விடவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. முதலில் போர்த்தியிருந்த அலுமினியத் தகடுகள் மங்கிப் போக, 2004-லிருந்து 2006 வரை மூடி வைத்து, துருப்பிடிக்காத எஃகை மாற்றினார்கள். 1958-ல் அதன் நடுக்குழாயில் ஓடிய லிப்ட்தான் அன்றைக்கு ஐரோப்பாவிலேயே வேகமானது. கீழ்க் கோளத்தில் 1958 கண்காட்சியைப் பற்றியே நிரந்தரமாக ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். மேலே நாலு உச்சிக் கோளங்களில் மூன்றுக்கு நேர்க்குத்தான தாங்கல் இல்லாததால் யாரையும் விடுவதில்லை. இதையெல்லாம் மைக்கில் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? ஹைவேயில் அந்தாக்ஷரி பாட வைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகுமா?

அதே மைதானத்தில் சோவியத் அரங்கில் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கின் மாதிரியைக் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பக்கத்திலேயே அமெரிக்க அரங்கம், வட்டமாக. லெ கொர்பூசியே என்ற பெரிய கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் ஸெனாகிஸ் என்பவர் வடிவமைத்த பிலிப்ஸ் கம்பெனி அரங்கம், கூடாரத்தைத் திருகிப் பிடித்தது போன்ற கான்கிரீட் வளைவுகளுக்குள் நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்களில் மின்னணு இசை. 1959 தொடக்கத்திலேயே அதை இடித்துவிட்டார்கள். செக்கோஸ்லோவாக்கிய அரங்கத்தின் உணவகத்தைக் கழற்றி பிராக் நகரத்துக்கே கொண்டு போய் நிறுத்தினார்கள். பஸ் திரும்பும் இடத்தில் நாலு பெரிய தூண்களோடு ஒரு மண்டபம் கண்ணில் படும். அது இன்னும் பழையது, இதே ஹெய்சலில் 1935-ல் நடந்த முந்தைய கண்காட்சிக்குக் கட்டியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஏதோ ரயில்வே ஸ்டேஷன் போல" என்று பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். சொல்ல வேண்டியவர் மைக்கை அணைத்துவிட்டு போனில் சாக்லேட் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். இதைச் சொல்லாததுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கோபம். அதே கண்காட்சியில், அப்போது பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவின் மக்களைக் கூட்டி வந்து, மூங்கில் வேலிக்குள் "காங்கோ கிராமம்" என்று உட்கார வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேலிக்கு மேலாகக் காசையும் வாழைப்பழத்தையும் வீசினார்கள். அந்த மனிதர்கள் பொறுத்துப் பார்த்து, கண்காட்சி முடியும் முன்பே ஊர் திரும்பினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில், 1960 ஜூன் 30-ல், காங்கோ விடுதலை பெற்றது. ஒரு பக்கம் அணுவைக் கொண்டாடும் மனிதகுலம், இன்னொரு பக்கம் வேலிக்குள் மனிதர்கள், இரண்டும் ஒரே மைதானத்தில். வெள்ளைக்காரனுக்குக் கீழே இருந்த நாட்டிலிருந்து போனவர்கள் நாம். அந்த மண்ணில் நம்மை நிறுத்திவிட்டு இதைச் சொல்லாமல், கோளத்தை இரண்டு விரலால் பிடிக்கிற மாதிரி போஸ் கொடுங்கள் என்று சொல்வதற்கு எப்படி மனசு வந்தது?

டூர் கம்பெனி கொடுத்த விவர அறிக்கையை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டியதுதானே என்று சொல்ல யாராவது வருவீர்கள். படித்தேன். வரிக்கு வரி படித்தேன். அட்டோமியத்துக்கு நேரே அச்சடித்திருந்த படம் உச்சிக் கோளத்தின் ஜன்னலிலிருந்து ஊர் தெரிகிற படம்! மேலே கூட்டிக்கொண்டு போகாதவர்கள் மேலேயிருந்து எடுத்த படத்தை ஏன் போடுகிறார்கள்? நுழைவுக் கட்டணம் சேராது என்று மட்டும் எறும்பு எழுத்தில் கீழே இருந்தது, அதைத்தான் நானே கட்டுகிறேன் என்றேனே. நேரம் கிடையாது என்று எங்கேயும் போடவில்லை.

சொந்தமாகப் போங்கள் என்பார்கள் சிலர். விசா, ஓட்டல், ரயில், எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள எல்லா வயதினராலும் முடிகிறதா? முடியாதவர்கள்தானே வாழ்நாள் சேமிப்பை எடுத்து இவர்கள் கையில் கொடுக்கிறார்கள். அவர்களில் பலர் இரண்டாம் முறை போகப் போவதில்லை. அதனால்தான் இவ்வளவு எரிகிறது. அணு உலையா என்று கேட்டாரே அந்தப் பெரியவர், அவர் இனி பிரஸ்ஸல்ஸ் போவாரா?

கோபம் எழுத எழுத ஏறுகிறது. அந்த பஸ்ஸின் முதல் வரிசை சீட் விவகாரமும் இப்போது சேர்ந்துகொண்டது. தினம் இரண்டு வரிசை மாற்றி உட்கார வேண்டும் என்பது முதல் நாளே சொன்ன விதி. ஒரு தம்பதி மட்டும் கடைசி வரைக்கும் முதல் வரிசையை விடவில்லை. காலையில் எல்லாரும் இட்லி கிடைக்காத ஓட்டலில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த அம்மா மட்டும் போய்ப் பச்சை சால்வையை விரித்து, அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு வருவார். கேட்டால் பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வருமாம். வாந்தி வருகிறவர் ஆல்ப்ஸ் மலைப் பாதையில் அத்தனை வளைவிலும் குனிந்து போனில் சீரியல் பார்த்துக்கொண்டு, ஒரு பாக்கெட் முறுக்கை எப்படித் தின்று முடிப்பார்? இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.