பினாயில் வாடை அடித்தால் வார்டு சுத்தமா?

கடலூர், பாண்டி பக்கம் ஆஸ்பத்திரி சுத்தத்தை மூக்கால்தான் அளக்கிறோம். பினாயில் வாடை தூக்கலாக இருந்தால் "நல்லா வச்சிருக்காங்கப்பா" என்று சான்றிதழ். ஆய்வுக்கு வருகிறவர்களும் தரையைத்தான் பார்க்கிறார்கள். நோயாளிக்குக் கிருமி போய்ச் சேருவது பெரும்பாலும் கை வழியாக. பிணப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்களை 1847-லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்கள் சாவு மளமளவென்று குறைந்தது.

இன்றைக்குக் கையுறை வந்துவிட்டது, பிரச்சினையும் கூடவே வந்தது. ஒரு பெட்டில் யூரின் பையைக் காலி செய்த அதே கையுறையோடு அடுத்த பெட்டின் வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைத்திருக்கும் குழாய்) தொடுகிறார்கள். கையுறை அப்போது காப்பாற்றுவது போட்டிருப்பவரை மட்டும்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டும், கழற்றியதும் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஸ்பிரிட் கரைசல்). உள்ளங்கை நிறைய எடுத்து, காயும்வரை 20–30 விநாடி. கட்டைவிரலும் விரல் நுனியும்தான் வழக்கமாக விடுபடும். ரத்தம், அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ ஹேண்ட் ரப் போதாது. சோப்பும் தண்ணீரும், 40–60 விநாடி. நர்ஸ் மேசையில் ஒரே ஒரு பாட்டிலை வைத்துவிட்டு "ஏன் கை சுத்தம் பண்ணலை" என்று சிஸ்டர்களைத் திட்டுவதில் நியாயமே இல்லை. பெட்டுக்கு ஒரு பாட்டில் வையுங்கள், பிறகு கேளுங்கள்.

அடுத்தது ஹைப்போ, கிருமியைக் கொல்லும் குளோரின் கரைசல். கேனில் 5% என்றிருந்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், அதுதான் 1%. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நம்மூர் வெயிலில் மூடி சரியாக மூடாமல் மாடிப்படியில் கிடக்கும் கேனில் லேபிள்தான் 5%, உள்ளே குளோரின் என்றைக்கோ போயிருக்கும். ரத்தம் சிந்திய இடத்தில் உறிஞ்சும் துணியைப் போட்டு, மேலே 1% கரைசல் ஊற்றி, 10 நிமிடம் விட்டுத்தான் துடைக்க வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்தால் கறைதான் போகும். கக்கூஸ் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பிவிடும். சுத்தம் செய்கிற அக்காவிடம் அளவு ஜக் ஒன்று கொடுக்காமல் கண்ணளவில் கலக்கச் சொல்வது நிர்வாகத்தின் தப்பு, அவருடையது இல்லை.

மாப்பும் அப்படித்தான். ஈரத்தோடு மூலையில் சாத்தினால் இந்தக் கடலோரக் காற்றில் காயவே காயாது. மறுநாள் கிருமியைத்தான் வார்டு முழுக்கப் பூசுகிறோம். அலசி, வெயிலில் தலைகீழாக நிறுத்துங்கள். தரைக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது பெட் கம்பிக்கும் ஐ.வி. ஸ்டாண்டுக்கும் சுவிட்சுக்கும் காட்டலாம்.

கூட இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது யூரின் பையை நோயாளியின் மடியில் வைக்கிறார்கள். பையிலிருக்கும் சிறுநீர் திரும்ப மூத்திரப்பைக்குப் போகும். எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. சிஸ்டர் வென்ஃப்ளானில் மருந்து ஏற்றும் முன் அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட வேண்டும். குத்திய இடம் சிவந்தாலோ வலித்தாலோ உடனே சொல்லுங்கள். மருந்து முடிந்த பிறகும் "நாளைக்கும் இருக்கட்டும்" என்று வென்ஃப்ளானை விட்டுவைத்தால், இன்றே எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். சிஸ்டர் முறைத்தாலும் பரவாயில்லை.