பந்தயக் கதையை விடக் காற்று சுவையானது

சுவிட்சர்லாந்தின் மலையூரான சென்ட் மோரிட்ஸைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1864இல் விடுதி முதலாளி யோகானஸ் பாட்ருட் ஆங்கிலேய விருந்தினர்களிடம் பந்தயம் கட்டி, சென்ட் மோரிட்ஸில் குளிர்காலச் சுற்றுலாவைத் தொடங்கிய கதையே கட்டுரையில் பாதியை விழுங்கிவிட்டது. சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கனிம ஊற்று நீரைக் குடிக்க மக்கள் அங்கே மலையேறினார்கள். அதற்கு ஒரே ஒரு வரிதானா?

மலோயா கணவாயிலிருந்து வீசும் மலோயா காற்றையோ அடியோடு மறந்துவிட்டீர்கள்! மற்ற பள்ளத்தாக்குகளில் பகற்காற்று கீழிருந்து மேலே ஏறும். சென்ட் மோரிட்ஸ் இருக்கும் மேல் எங்காடின் பள்ளத்தாக்கில் தலைகீழ். கோடையில் காலையெல்லாம் கண்ணாடியாகக் கிடக்கும் சில்வாபிளானா ஏரி, நண்பகலுக்குமேல் கணவாயிலிருந்து காற்று இறங்கியதும் நுரை கக்கும். பாய்ப்பலகை ஓட்டுவோர் கரையில் காத்துக்கிடப்பது அதற்காகத்தான். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், உறைந்த சென்ட் மோரிட்ஸ் ஏரியின்மேல் குதிரைகள் ஓடுவது தனிக்கதை.