அந்த நாவலை எடுத்ததில் யாருக்கு நஷ்டம்?

நம்ம ஊர் கிளை நூலகத்தில், மனசு புண்படுகிறது என்று சிலர் சத்தம் போட்டு ஒரு நாவலை அலமாரியில் இருந்து எடுக்க வைத்தது இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வாட்ஸப் குரூப் முழுக்க அதே பேச்சுதான். நாவல் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்வி. அலமாரியில் இருந்து எடுத்ததால் அந்தப் புத்தகம் யாருக்குக் கிடைக்காமல் போனது?

எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டவர்களுக்கு இல்லை. அவர்கள் நினைத்தால் ஆன்லைனில் வாங்கிக்கொள்வார்கள். எனக்கும் இல்லை, ஈரோடு புத்தகத் திருவிழாவில் பை நிறைய வாங்கி வருகிறவன் நான். ஒரு நாவலுக்கு 350 ரூபாய் கொடுக்க முடியாதவருக்குத்தான் கிடைக்காமல் போனது. தறி ஓட்டிவிட்டு வந்து ராத்திரி பத்துப் பக்கம் படிக்கிற ஆளுக்கு, பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்து வருகிற பெண்ணுக்கு. நூலகமே அவர்களுக்காகத்தானே?

எங்கம்மா தறிக்கு நூல் தார் சுற்றும் வேலைக்குப் போனவர். சந்தைப் பையிலேயே நூலகப் புத்தகமும் இருக்கும், தக்காளி ஈரம் பட்டுவிடக் கூடாது என்று பழைய பேப்பரில் சுற்றி வைத்திருப்பார். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் பார்ப்பது உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைத்தான். ஊதா மை முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் முகம் மலர்ந்துவிடும். "இத்தன பேரு கொண்டு போயிருக்காங்க கண்ணு, சும்மாவா இருக்கும்?" என்பார். புருஷனை விட்டுப் போனவள் கதையையும் படித்தார். மறுநாள் தார் சுற்றிக்கொண்டே கூட இருந்த பெண்களுக்கு அதைச் சொல்ல, அவள் செய்தது சரியா தப்பா என்று சாயங்காலம் வரை வாக்குவாதம் நடந்ததாம். இப்போது நூலகத்தில் இருந்து நீக்கிய நாவலிலும் ஒரு சீட்டு நிரம்பி அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது, நானே பார்த்தேன். அத்தனை பேர் எடுத்துப்போய்ப் படித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருடைய மனசும் புண்படவில்லை. புண்பட்டது படிக்காதவர்களுக்கு.

நம்ம பக்கத்துக்கு இது புதுசு இல்லை. எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது. நாலு வருஷம் கழித்து திருச்செங்கோட்டில் எரித்தார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் சமாதானப் பேச்சு என்று அதிகாரிகள் முன்னிலையில் அவரை உட்கார வைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள், மனுஷன் எழுதுவதையே விட்டுவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சமாதானப் பேச்சு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள், படித்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லையா?

குழந்தைகள் வருகிற இடம் என்கிறீர்கள். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, இந்த நாவல் இருந்தது பெரியவர்கள் பகுதியில். சரி, அரசாங்கப் பணத்தில் இதையெல்லாம் வாங்கலாமா என்று ஒருத்தர் கேட்டிருந்தார். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரியும் இருக்கும். 1948இல் போட்ட பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிப்பது அது. நீங்களும் கட்டுகிறீர்கள், நானும் கட்டுகிறேன், பிறகு எது இருக்கலாம் என்று நீங்கள் மட்டும் எப்படி முடிவு பண்ணலாம்?

நூலகர் பாவம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பத்துப் பேர் வந்து மேஜையைத் தட்டினால் தனியாக உட்கார்ந்திருக்கிற அவர் என்ன செய்வார்? "எழுத்துல ஒண்ணும் இல்லீங்க சார், வாயாலதான் சொன்னாங்க" என்றார். என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. ஒரு புத்தகத்தை எடுக்கக் கையெழுத்துப் போடக்கூட யாருக்கும் தைரியம் இல்லை.

நேற்று என் பதிவுக்குக் கீழே ஒருவர், "இதை உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குப் படிக்கக் கொடுப்பீங்களா?" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் படிக்க யாரும் கொடுக்க வேண்டியதில்லை. எங்கம்மா தானே நடந்து போய், தன் கார்டில், தனக்கு வேண்டியதை எடுத்துப் படித்தார். எங்கப்பாகூட என்ன புத்தகம் என்று கேட்டதில்லை. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே அம்மா படித்ததைப் பார்த்து வளர்ந்தவனிடம் வந்து மானம் மரியாதை பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். யார் என்ன படிக்கலாம் என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இந்த வேகத்தில் நாளைக்கு எதைப் பார்க்கலாம், யாரோடு பேசலாம் என்றும் சொல்வீர்கள். இப்போதே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். எடுக்கச் சொன்னது யார், உத்தரவு எங்கே, புத்தகம் இப்போது எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். உறுப்பினர் கார்டு இருப்பவர்கள் இந்த வாரம் ஒருமுறை போய், அந்த நாவல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நூலகரிடம் மட்டும் குரலை உயர்த்த வேண்டாம்.